இழுப்பு நின்ற பிறகுதான் வேலை ஆரம்பம்

நெபுலைசர் வைத்து, விடியற்காலையில் பையன் அசந்து தூங்கிவிட்டால் ஆஸ்துமா அடங்கிவிட்டது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். மருந்துப் பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அடுத்த இழுப்பு வரும்வரை அதை யாரும் தொடுவதில்லை. தங்கச்சி, இந்த ஒரு பழக்கத்தை நீ மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காதில் கேட்கிற இழுப்பு நோயின் ஒரு பகுதிதான். சத்தமே இல்லாத நாட்களிலும் மூச்சுக்குழாய்க்குள் அழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நாட்களில் நீ என்ன செய்கிறாய் என்பதுதான் முக்கியம்.

உள்ளே நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால், எதற்காக இந்தப் பாடு என்ற அலுப்பு உனக்கு வராது.

உன் பையனுக்குத் தோல் பரிசோதனையில் தூசி உண்ணிக்குத்தான் பெரிதாகத் தடித்தது. டாக்டர் சீட்டில் ‘டஸ்ட் மைட்’ என்று எழுதியிருப்பார். வீட்டுத் தூசிக்குள் இருக்கும் இந்த உயிர்தான் ஒவ்வாமைக்கு மூலம் என்று நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் 1964-ல் காட்டினார்கள். அதுவரை ‘தூசி ஆகாது’ என்று மட்டும்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத எட்டுக்கால் உயிர் அது. கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. அதனால் மெத்தை, தலையணை, கம்பளி, பொம்மை என்று நாம் படுத்துப் புரளும் இடமெல்லாம் அது குடியிருக்கிறது.

தொல்லை அதன் எச்சத்தில் இருக்கிறது. அதில் ‘டெர் பி 1’ என்ற ஒரு புரதம் உண்டு. புரதத்தை வெட்டும் நொதி அது. மூச்சுக்குழாயின் உள்தோலில் செல்கள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நொதி அந்த ஒட்டுகளையே அறுத்து உள்ளே போகிறது. காயம்பட்ட உள்தோல் உடனே அபாயத் தகவலாகச் சில வேதிப்பொருட்களை அனுப்புகிறது. அதைக் கேட்டு வரும் வெள்ளணுக்கள் இன்டர்லூகின் 4, 5, 13 என்ற பொருட்களைச் சுரக்கின்றன. 4 வந்தால் ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புரதம் உண்டாகும். 5 வந்தால் ஈசினோஃபில்கள் கூட்டமாக வந்து சேரும். ‘ஈஸ்னோபீலியா கூடியிருக்கு’ என்று லேபில் சொல்வார்களே, அந்த அணுக்கள்தான். 13 வந்தால் சளி பெருகும்.

அந்த ஐஜிஇ, மாஸ்ட் செல் என்ற அணுக்களின் மேல் போய் உட்கார்ந்து காத்திருக்கிறது. அடுத்த முறை அதே தூசி உள்ளே போனதும், சில நிமிடங்களுக்குள் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினையும் லூகோட்ரையீன்களையும் கொட்டுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, மூச்சு விசிலடிக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது தானாகவேகூடத் தணியும்.

தணிந்த பிறகு நடப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பாதிப் பேருக்கு ஆறேழு மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று வருகிறது. இந்தச் சுற்றில் தசை இறுகுவதோடு நிற்பதில்லை, குழாயின் சுவரே வீங்குகிறது. காலையில் பரணில் இருந்து பழைய பாத்திரத்தை இறக்கினாய் என்றால், பையனுக்கு இருமல் மாலையிலோ இரவிலோதான் பிடிக்கும். அப்போது நீ மதியம் சாப்பிட்ட தயிர்ச்சோற்றின் மேல் பழியைப் போடுவாய். ஆகவே ஒரு நோட்டு வைத்துக்கொள். இழுப்பு வந்த நாளில், அதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் அவன் எங்கே இருந்தான், எதைத் தட்டினீர்கள், எந்த வீட்டுக்குப் போனான் என்று எழுதி வை. ஒரு மாதத்தில் உனக்கே விஷயம் பிடிபடும்.

அந்த இரண்டாவது சுற்றுக்குப் பிறகு பல நாட்களுக்கு, சிலருக்கு வாரக்கணக்கில், மூச்சுக்குழாய் முறுக்கேறிப்போய் இருக்கும். விழுந்து விழுந்து சிரித்தால் இருமல், ஓடினால் இருமல், ஊதுபத்தி வாசனைக்கு இருமல். ‘எதுவுமே இவனுக்கு ஒத்துக்கலை’ என்று நீ போனில் அழுதாயே, அதற்குக் காரணம் இதுதான். அவனுக்கு ஒத்துக்கொள்ளாத பொருட்கள் நூறு இல்லை. ஒன்றிரண்டு பொருட்கள் கிளப்பிவிட்ட அழற்சி அடங்காமல் இருப்பதால், மற்றதெல்லாம் அவனைச் சீண்டுகிறது.

தடித்துப்போகும் சுவர்

ஒரே இடத்துப் புண்ணை ஆற விடாமல் சொறிந்துகொண்டே இருந்தால் அந்த இடத்துத் தோல் எப்படித் தடித்துச் சொரசொரப்பாகிவிடுகிறதோ, மூச்சுக்குழாயிலும் அப்படித்தான் நடக்கிறது. உள்தோலுக்கு அடியில் கொலாஜன் படிந்து ஒரு தடித்த படலம் உண்டாகிறது. தசை பருக்கிறது. சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. குழாயின் உள்வழி குறுகிவிடுகிறது. ஆஸ்துமாவில் இறந்தவர்களின் நுரையீரலில் இப்படித் தடித்த சுவர்களை 1922-லேயே மருத்துவர்கள் பார்த்து எழுதிவிட்டார்கள். வயதானவர்களுக்கு மட்டும்தானே என்று எண்ணாதே. பள்ளி வயதுப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயிலேயே இந்தப் படலம் காணப்படுகிறது.

2011-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். லேசான ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூசி உண்ணிப் பொருளை மூச்சில் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒவ்வாமை எதுவும் இல்லாமல் குழாயை மட்டும் இறுகவைக்கும் மெத்தகோலினைக் கொடுத்தார்கள். மும்முறைதான். சில நாள் கழித்துத் திசுவை எடுத்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் கொலாஜன் படலம் தடித்திருந்தது. குழாய் இறுகாதபடி முன்கூட்டியே மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இதை நான் படித்த நாளிலிருந்து ‘லேசான இழுப்புதான், தானா சரியாகிடும்’ என்று யார் சொன்னாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு இறுக்கமும் சுவரில் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

தடித்த சுவரை முழுதாகப் பழையபடி ஆக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அழற்சியை அடக்கி வைக்கவும், இழுப்புகளைக் குறைக்கவும் நம்மால் முடியும். அதற்கு இரண்டு வேலை: தூசியைக் குறைப்பது, தடுப்பு மருந்தை விடாமல் கொடுப்பது.

படுக்கையில் ஆரம்பி

வீடு முழுவதையும் ஒரே நாளில் கழுவி ஓய்ந்துபோகாதே. பையன் எட்டு மணி நேரம் முகம் புதைத்துப் படுக்கும் தலையணையிலிருந்து தொடங்கு.

படுக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பப்புவா நியூ கினி மலைநாட்டுக் கதை ஒன்று போதும். அங்கே சவுத் ஃபோரே மக்களிடையே 1970-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு ஆஸ்துமா ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான் இருந்தது. 1980-களில் 7 சதவீதத்தைத் தாண்டியது. இடையில் வந்தவற்றில் ஒன்று பருத்திப் போர்வை. ஈரமான மலைக்காற்றில், அதிகம் துவைக்கப்படாத அந்தப் போர்வைகளில் தூசி உண்ணிகள் ஏராளமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் 1,756 மீட்டர் உயரத்தில் இருக்கும் மிசுரினாவில் காற்று வறண்டது, தூசி உண்ணி மிகக் குறைவு. அங்கே சில மாதம் தங்கும் ஆஸ்துமாப் பிள்ளைகளின் அழற்சி இறங்குகிறது, கீழே ஊருக்குத் திரும்பியதும் மறுபடி ஏறுகிறது. இதைக் கேட்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ குடிபோக யோசிக்காதே. அங்கே குளிரோடு ஈரமும் சேர்ந்தே இருக்கிறது. தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் அது எப்படி இவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பது இப்போது உனக்குப் புரியும்.

செய்யவேண்டியது இதுதான். பெட்ஷீட், தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டில் துவை. மேலே திறக்கும் வாஷிங் மெஷினில் பெரும்பாலும் தண்ணீர் சூடாகாது. வெந்நீர் போட்டு வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு மெஷினில் போடு. வெயிலில் உலர்த்துவது நல்லதுதான். ஆனால் வெயிலில் உண்ணி சாகுமே தவிர அதன் எச்சம் போகாது. அதைத் துவைத்துத்தான் எடுக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையை மாடியில் போட்டுத் தட்டும் வேலையைப் பையன் வீட்டில் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள். அவனைக் கூட மாட உதவிக்கு நிறுத்தாதே.

மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி நுழையாதபடி நெருக்கமாக நெய்த ஜிப் வைத்த உறை கிடைக்கிறது. பணம் போட்டு வாங்குவதற்கு முன் இதைக் கேள். இங்கிலாந்தில் 1,122 பெரியவர்களிடம் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், உறை மட்டும் போட்டதால் பலன் ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே உண்ணி ஒவ்வாமையுள்ள பிள்ளைகளிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், உறை போட்ட பிள்ளைகளில் 29 சதவீதம் பேரும், சாதாரண உறை போட்டவர்களில் 42 சதவீதம் பேரும் ஓராண்டுக்குள் கடும் இழுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பரிசோதனையில் உண்ணி ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கு, மற்ற வேலைகளோடு சேர்த்து உறையும் போட்டால் அது செலவுக்குத் தகுந்த பொருள். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பஞ்சு பொம்மைகளைப் பிடுங்கி வீசிப் பிள்ளையை அழவிடாதே. பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வை, பிறகு துவைத்துக் காயவை. படுக்கையில் ஒன்று மட்டும் இருக்கட்டும்.

துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பி அவன் மூக்கில்தான் போகும். அவன் படுக்கும் அறையை ஈரத்துணியால் துடை. பெருக்கியே ஆகவேண்டுமென்றால் அவனை வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்து உள்ளே விடு. உண்ணித் தூசி கனமானது, அதற்குள் கீழே இறங்கிவிடும். பூனையின் ஒவ்வாமைப் பொருள் அப்படியில்லை. மணிக்கணக்கில் மிதக்கும். பூனையைக் கொண்டுபோய் விட்ட பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிடு. மூடிய அறையில் அது உண்ணிக்கு வேண்டிய ஈரத்தைத்தான் தருகிறது. ஏசி இருந்தால் காற்று வறளும், ஆனால் ஃபில்டரை மாதம் ஒரு முறையாவது கழுவ வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்துணியை அவன் அறையில் கொடி கட்டி உலர்த்தாதே.

சமையலறையும் சுவரும்

கரப்பான் பூச்சியை நாம் அருவருப்பாகத்தான் பார்க்கிறோம், ஆஸ்துமாவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அதன் எச்சிலும் எச்சமும் உதிர்ந்த தோலும் கடும் ஒவ்வாமைப் பொருட்கள். அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளிடம் செய்து 1997-ல் வெளியான பெரிய ஆய்வு இது: கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் அந்தப் பொருள் அதிகம் இருந்த பிள்ளைகள், மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வாமை மட்டும் இருந்தாலோ, பூச்சி மட்டும் இருந்தாலோ இவ்வளவு இல்லை. இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

ஸ்ப்ரே அடிக்காதே, அந்த நெடியே இழுப்பைக் கிளப்பும். ஜெல் மருந்தை சிங்க்குக்கு அடியிலும், சிலிண்டர் பின்னாலும், அலமாரிக் கீல் ஓரத்திலும் புள்ளி புள்ளியாக வை. ராத்திரி எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைக்காதே. குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும். பூச்சி ஒழிந்த பிறகு அந்த இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடை. பூச்சி போனாலும் பொருள் அங்கேயேதான் கிடக்கும்.

சுவரில் பூசணம் பூத்திருந்தால் மேலே பெயின்ட் அடித்து மறைக்கச் சொல்லாதே. ஒழுகும் குழாயையோ மொட்டைமாடி விரிசலையோ சரிசெய்யாமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. இன்னொன்று, இது பெரியவர்களுக்கும் சேர்த்து: மருந்தைச் சரியாக எடுத்தும் இழுப்பு அடங்காமல், பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாகச் சளி வந்தால், ‘அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்குப் பார்க்கலாமா’ என்று நுரையீரல் மருத்துவரிடம் கேள். நம் நாட்டில் அது அரிதான விஷயமில்லை. டி.பி. என்று தவறாக நினைத்து மருந்து சாப்பிட்டவர்களும் உண்டு.

சாம்பிராணியும் கொசுவத்தியும் ஒவ்வாமைப் பொருட்கள் அல்ல, எரிச்சலூட்டிகள். ஆனாலும் ஏற்கெனவே வீங்கிய குழாய்க்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொசுவலை கட்டு. உன் மாமியாரிடம் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை வாசலோடு வைத்துக்கொள்ளச் சொல். பேரனுக்காக என்று பக்குவமாகச் சொன்னால் அவர் கேட்பார்.

தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறாய். பரிசோதனையில் உணவு ஒவ்வாமை எதுவும் வராத பிள்ளையைப் பட்டினி போடாதே. வளரும் பிள்ளை.

இன்ஹேலர் பற்றி

‘பஃப் பழகிடும்’, ‘அது கடைசி மருந்து’. இந்த இரண்டு வார்த்தைகளால்தான் நம் ஊரில் பல பிள்ளைகளின் மூச்சு வீணாகிறது. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்புடமால், இறுகிய தசையைத் தளர்த்தும். அழற்சியை அது தொடவே தொடாது. ஈசினோஃபில்களை விரட்டுவது, சளியைக் குறைப்பது, முறுக்கேறிய குழாயை அமைதிப்படுத்துவது எல்லாம் தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு இன்ஹேலரின் வேலை. அதனால்தான் ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-ல், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல இன்ஹேலரை மட்டும் வைத்து வைத்தியம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கும் நீல மருந்து அடிக்கடி தேவைப்பட்டால், தடுப்பு மருந்து போதவில்லை என்று அர்த்தம்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதே. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில்தான் போகிறது. மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உயரம் குறையுமா என்று கேட்டாய். வட அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் தினமும் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தார்கள். அவ்வளவுதான். மூச்சு முட்டித் தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் போகாமல் கிடப்பதோடு ஒப்பிட்டால் எனக்கு இதில் தயக்கமே இல்லை.

ஸ்பேசர் இல்லாமல் கொடுக்காதே. குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடச் சொல். அரை நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் அப்படியே காயவை. துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிவிடும்.

எல்லாம் செய்தும் ஒவ்வாமைத் தொல்லை முழுதாக விடவில்லையென்றால், தூசி உண்ணிக்கு ஊசியாகவோ நாக்கடி மருந்தாகவோ மூன்று ஆண்டு கொடுக்கும் ஒவ்வாமைச் சிகிச்சை இருக்கிறது. இழுப்பு கட்டுக்குள் வந்த பிறகுதான் அதைத் தொடங்குவார்கள். விளம்பரம் பார்த்துப் போகாதே, ஒவ்வாமைச் சிகிச்சை தெரிந்த நிபுணரிடம் போ.

ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீல மருந்து கொடுத்தும் குறையாவிட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதே. 108-ஐக் கூப்பிடு. வண்டி வரும்வரை ஸ்பேசரில் மருந்தைக் கொடுத்துக்கொண்டே இரு.

இன்று ராத்திரி அவன் தலையணை உறையை மாற்று. நாளைக்கு டாக்டரைப் பார்த்து, எந்த மருந்து தினமும், எந்த மருந்து அவசரத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் அதைப் படித்துக் காட்டு. நடுவில் மூன்று மாதம் இழுப்பே வரவில்லை என்றாலும் டாக்டரைக் கேட்காமல் தடுப்பு மருந்தை நிறுத்தாதே.